பூத்தேடிப் போன மலை

சின்னசேலத்தில் பிறந்தவர்களுக்கு வடக்கு என்றால் மலைதான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது அம்மா முதலில் கல்வராயனைத்தான் பார்ப்பார். மலை கிட்டத்தில் வந்து நிற்பதுபோல் தெளிவாகத் தெரிந்தால் மழை வரும், வடகத்தை எடுத்துவிட வேண்டும். புகை படிந்ததுபோல் மங்கித் தெரிந்தால் வெயில் நிச்சயம். அந்த நீலக்கோடு எங்களுக்கு வானிலை அறிக்கையாக இருந்தது. அங்கிருந்து புளி வரும், தேன் வரும், கடுக்காய் வரும், சித்திரை வைகாசியில் பலா வரும். பூ வந்து நான் பார்த்ததில்லை. சந்தைக்கு வராத ஒன்றை யாரும் தேடுவதில்லை. நானும் இருபது வயதுவரை அந்த மலையில் ஏறியதில்லை.

பூவைத் தேடி ஏறியது இந்த ஐப்பசிக் கடைசியில்தான். கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பர் ஒருவர் கூட வந்தார். என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கியிருக்கும் 99 பூக்களின் பெயர்களை அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். நண்பரின் பையில் இருந்த தாள்கள் வேறு வகை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் உலர்தாவரகத்தை வளர்த்தெடுத்த பாதிரியார் கே.எம். மேத்யூ, 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதியிலிருந்து எடுத்த படிகள் அவை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் செடிகளை எல்லாம் அந்தத் தொகுதி சேர்த்துவைத்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு பட்டியல்கள். இரண்டையும் ஒரே காட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போய், அங்கே வெள்ளிமலைப் பேருந்தைப் பிடித்தோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம். நெரிசல் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. கச்சிராயபாளையம் வரை இருபுறமும் மரவள்ளி, கரும்பு, மக்காச்சோளம். எங்கள் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். சேகோ ஆலைகளின் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்து போனது. அதுதான் என் ஊரின் மணம். எங்கே முகர்ந்தாலும் வீட்டு ஞாபகம் வரும். கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. 46 அடி உயரம். இந்த மலையில் பிறக்கும் ஆறு இங்கே சற்றுத் தங்கி, கீழே மணிமுத்தாறோடு சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகிறது. அதற்கப்புறம் வளைவுகள். பாதி மலையில் பெரியார் அருவி சாலையோரமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்திலிருந்த பாதிப்பேர் அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். தினமும் பார்க்கிறவர்களும்தான்.

கல்வராயன் ஒற்றை மலை அல்ல, இரண்டு அடுக்கு. வடக்கே சின்னக் கல்வராயன், சராசரி 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி. இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. மலையை ஆள்பவர், அதனால் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக நெடுங்காலம் பிரிந்துகிடந்த இந்த மலையை அரசு தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1976இல். தார்ச்சாலையெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன் எல்லாமே தலைச்சுமைப் பாதைகள்தான், கடுக்காய் மூட்டையும் புளி மூட்டையும் இறங்கிய பாதைகள். நாங்கள் நடக்கப்போவது அப்படிப்பட்ட ஒன்றில்.

கரியாலூரில் இறங்கினோம். வனத்துறையில் முன்பே சொல்லிவைத்திருந்ததால் வழிகாட்ட உள்ளூர்ப் பெரியம்மா ஒருவர் காத்திருந்தார். கூடவே பேத்தி, ஐந்தாம் வகுப்பு. அன்று பள்ளி விடுமுறை.

“பூ பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?” என்றார் பெரியம்மா.

“ஆமாங்க பெரியம்மா.”

“பறிக்கவா?”

“இல்லைங்க. பாக்க மட்டும்தான்.”

அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது. “அப்பச் சரி” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

காட்டுக்குள் போவதற்கு முன்பே பூக்கள் தொடங்கிவிட்டன. சாலை போடுவதற்காக வெட்டிய செம்மண் சரிவில் ஈரம் கசியும் இடமெல்லாம் காசித்தும்பை. இளஞ்சிவப்பாக, முதுகில் ஒரு வளைந்த கொம்போடு. முற்றிய காயைச் சிறுமி லேசாகத் தொட்டாள். அது சுருண்டு வெடித்து விதையை அவள் உள்ளங்கையில் தெறித்தது. அடுத்ததைத் தொட்டாள், அதற்கடுத்ததை. நாங்கள் ஐந்து நிமிடம் அங்கேயே நின்றோம். நண்பர் குறிப்பேட்டில் ஒன்று என்று எழுதினார்.

இரண்டாவது உண்ணிச்செடி. அதை எழுதலாமா என்று நான் தயங்கினேன். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து, அழகுக்காக, 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி. இன்று நம் காடுகளில் அது நுழையாத இடம் குறைவு. மஞ்சளாக விரிந்து, வண்ணத்துப்பூச்சி வந்துபோன பிறகு இளஞ்சிவப்பாக மாறும் அந்தச் சின்னப் பூங்கொத்து அழகாக இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதன் புதருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். புல் இல்லை. வேறு எந்தச் செடியின் நாற்றும் இல்லை. பாதையின் முதல் அரை கிலோமீட்டர் முழுக்க அது ஒன்றுதான். பூத்துக் குலுங்கும் இடத்தில் நின்றுகொண்டு, இங்கே பூவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆடுமாடுகூட வாய்வைக்காது என்றார் பெரியம்மா. “எங்க அம்மா காலத்துல இங்க தரகு பிடுங்கி வந்து வீடு வேய்வோம்.” இப்போது தரகும் இல்லை, கூரையும் இல்லை.

உண்ணிப்புதர் முடிந்து மரநிழல் தொடங்கிய இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. கடுக்காய் மரங்கள், பெரிய பெரிய அடிமரங்கள். இடையில் நெல்லி, வேங்கை. வேங்கை கபிலரின் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதன் பூக்காலம் தாண்டிவிட்டது. மரப்பட்டையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பிலிருந்து ரத்தம்போல் பிசின் வழிந்து உறைந்திருந்தது. பெரியம்மா அதைத் தொட்டுக் காட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு இதில்தான் பொட்டு வைப்போம் என்றார்.

இங்கிருந்து கண்ணைத் தாழ்த்த வேண்டியிருந்தது. மலைக்காட்டில் பூத்தேடுகிறவர்கள் மேலே பார்த்து நடந்தால் ஒன்றும் கிடைக்காது. ஐப்பசியில் பூப்பவை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கின்றன. மஞ்சள் கிலுகிலுப்பை, காய்ந்த காயை ஆட்டினால் பெயருக்கேற்ற சத்தம். காட்டுக் கனகாம்பரத்தின் ஊதா. வெயில் விழும் புல்திட்டில் விஷ்ணுகிராந்தி, மூக்குத்திக் கல் அளவுக்கு நீலம். அது காலையில் விரிந்து, வெயில் சாய்வதற்குள் மூடிக்கொள்ளும். தாமதமாகக் கிளம்பியிருந்தால் தாண்டிப் போயிருப்போம். தும்பை. அதுவும் கபிலர் தாளில் உள்ளதுதான். நான் பேனாவை எடுத்துத் தாளில் அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். மனம் ஏனோ நெகிழ்ந்தது. எங்கள் தெருவோரத்திலும் இருக்கும் பூதான், ஆனால் அந்தத் தாளோடு அதை வைத்துப் பார்த்ததில்லை.

கானாவாழையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயல் வரப்பெல்லாம் களையாக மண்டும் செடி, மாட்டுக்குப் போடுவது. இரண்டு நீல இதழ், மதியத்துக்குள் கரைந்து போய்விடும். நண்பர் அதன் ஓரமாக விரலால் மண்ணை மெல்ல விலக்கினார். வேரோடு வேராக, வெள்ளையாக ஒரு மெல்லிய தண்டு மண்ணுக்குள் ஓடியிருந்தது. அதன் முனையில் மூடிய ஒரு சிறு மொட்டு.

“இதுவும் பூதான்” என்றார். “இது விரியவே விரியாது. உள்ளேயே தன்னைத்தானே கருவுறச் செய்து, உள்ளேயே விதை வைக்கும். மேலே மாடு மேய்ந்தாலும், களையெடுத்து எறிந்தாலும், கீழே வம்சம் இருக்கும்.”

நான் அந்த மொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டு வராது, வெயில் படாது, கண்ணும் படாது. பூ என்றால் மலர்வது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே. நண்பர் மண்ணைத் திரும்ப மூடி, விரலால் அழுத்திவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சாய்ந்த பாறைப் பரப்பு. மேலிருந்து தண்ணீர் கசிந்து மெல்லிய பாசிப்படலமாக இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே சிறுமிதான் முதலில் உட்கார்ந்தாள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, சிவப்பு வட்டங்கள். ஒவ்வோர் இலையிலும் மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. பனி அல்ல, பசை. சின்னக் கொசு ஒன்று அதில் ஒட்டிக்கிடந்தது. பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி. பாறைமேல் மண் ஒரு விரல்கடைகூட இல்லை, உரம் எங்கிருந்து வரும்? பூச்சியிடமிருந்துதான். நடுவிலிருந்து ஒரு நூல்தண்டு எழுந்து, அதன் உச்சியில் வெள்ளையாகப் பூ. பிடிக்கும் இலை தரையில், அழைக்கும் பூ உயரத்தில். மகரந்தம் கொண்டுவரும் பூச்சியையே தின்றுவிடக்கூடாது அல்லவா. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்பது இந்த இனத்தைத்தான் என்று பலர் கொள்கிறார்கள். எப்போதும் கண்ணில் நீர் நிற்கும் செடி. அந்தப் பெயரை வைத்தவர் என்னைப்போலவே பாறைமேல் மண்டியிட்டுத்தான் இதைப் பார்த்திருக்க வேண்டும். நின்ற நிலையில் அந்தத் துளி தெரியாது.

அதன் பக்கத்திலேயே புல்லுக்குள் பச்சை கலந்த வெள்ளையில் ஒரு தரை ஆர்க்கிட். நண்பர் உற்சாகமாகப் படம் எடுத்தார். பெரியம்மாவிடம் இதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

“அதுக்கெல்லாம் பேரில்ல தம்பி. புல்லுப்பூ.”

அதுவரை அவர் எங்களுக்குப் பெயர் சொல்லாத செடி குறைவு. எந்தக் கிழங்கு அவித்துத் தின்னலாம், எதை மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும், எந்த இலை வயிற்றுவலிக்கு, எதைக் கண்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு விலகிவிட வேண்டும் என்று பாதை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர். மலைக்காரர்கள் உண்பதற்கும் குணமாக்குவதற்கும் அஞ்சுவதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பயனில்லாதது புல்லுப்பூ. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்போதுதான் கபிலரின் பெண்கள் எனக்குப் புதிதாகத் தெரிந்தார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போன தலைவியும் தோழியும் அருவியில் ஆடிவிட்டு, காடெல்லாம் அலைந்து பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். மருந்துக்கு அல்ல, உணவுக்கு அல்ல. வெறும் மகிழ்ச்சிக்கு 99 பெயர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பைக் காட்டக் கபிலர் பாடியது இந்தப் பாட்டு என்பார்கள். ஒரு மொழியைக் காட்ட வேண்டிய இடத்தில் அவர் பூக்களை எடுத்துக் குவித்தார்.

நண்பருக்கு அந்தப் பட்டியலோடு ஒரு வழக்கு உண்டு. “அடும்பு கடற்கரை மணலில் படர்வது. நெய்தல் கழியில் பூப்பது. இதெல்லாம் எந்த மலையில் கிடைக்கும்?” என்றார். உண்மைதான். தாழையும் புன்னையும்கூட அதில் உண்டு. ஐந்து நிலத்துப் பூக்களையும் கபிலர் ஒரே பாறைக்குக் கொண்டுவந்துவிட்டார். நண்பருக்கு அது பிழை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் அறிந்த பூக்களில் ஒன்றைக்கூட விட மனமில்லாத ஒருவர் செய்யும் காரியம் அது. தோன்றி என்பதும் காந்தள் என்பதும் தனித்தனியாகப் பட்டியலில் வருகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்து நிறவேறுபாடா, வேறு வேறு செடிகளா என்று உரைகாரர் காலம் தொட்டுப் பேச்சு நடக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகு இந்தப் பேச்சு ஏட்டை விட்டு ஊருக்குள் வந்தது.

நான் பார்க்க விரும்பியதும் அந்தக் காந்தளைத்தான். மலையில் ஏறும்போதே பெரியம்மாவிடம் கேட்டிருந்தேன். இருக்கும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மரங்கள் விலகி ஒரு சாமைக் கொல்லை திறந்த இடத்தில் நின்றார். கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. நடுவில் நான்கு கால் நட்டு ஒரு பரண், அதில் ஒரு பையன் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். கிளிக்கூட்டம் எழுந்து எதிர் மரத்தில் உட்கார்ந்து, தட்டல் நின்றதும் திரும்பி வந்தது. கொல்லையின் முள்வேலியைக் காட்டி, “அந்தா” என்றார்.

வேலி தீப்பிடித்ததுபோல் இருந்தது என்று எழுத வேண்டும், ஆனால் அப்படி இல்லை. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சை முள்ளுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு. கிட்டே போன பிறகுதான் அது எப்படி ஏறியிருக்கிறது என்று புரிந்தது. காந்தளுக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலையே நுனியில் மெலிந்து நீண்டு, கம்பியாகச் சுருண்டு, அடுத்த முள்ளைப் பற்றிக்கொள்கிறது. ஒரே கொடியில் மூன்று வயதுப் பூக்கள். இன்று விரிந்தது பச்சை மஞ்சள். நேற்றையது அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. அதற்கு முந்தையது முழுச் சிவப்பு. ஆறு இதழும் அலையலையாக மேல்நோக்கி வளைந்து நிற்க, ஆறு மகரந்தத் தாள்கள் குடைக்கம்பிபோல் நாற்புறமும் விரிந்திருந்தன. சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடிந்ததுபோல் செங்கோணமாகத் திரும்பி, அவற்றை விட்டு விலகி ஒதுங்கி நின்றது. தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. வளர்ப்புத் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். கரூர், திண்டுக்கல் பக்கம் விதைக்காகவே பயிராகிறது. அந்த விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது.

1753இல் லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். மகிமை, அதன்மேல் இன்னொரு மகிமை. தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ, அங்கே அதற்கு இன்னும் கனமான பொருள். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவை அதன் மற்றப் பெயர்கள். மண்ணுக்குள் கிழங்கு ஏர்போல் வளைந்து இரண்டாகப் பிரிந்திருக்கும், அதனால் கலப்பைக்கிழங்கு. அதைக் கண்டவர் உழவர். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும், அதனால் கண்வலிக்கிழங்கு. சிறுமி கையை நீட்டியதும் பெரியம்மா சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

“தொடாத கண்ணு. கண்ணு நோவும்.”

கண் நோவு நம்பிக்கையாக இருக்கலாம், ஆனால் நஞ்சு உண்மை. கிழங்கு முதல் விதை வரை முழுச் செடியும் ஆளைக் கொல்லக்கூடியது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கையைப் பின்னுக்கு இழுத்தது அந்தப் பெயர்தான். நான் அதைத் தாளில் கோடிட மறந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

குறிஞ்சியையும் கேட்டேன். கேட்காமல் வர முடியுமா? 2018இல் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பூத்த நீலக்குறிஞ்சிக்கு இதைவிட உயரமான புல்வெளி வேண்டும். அதன் உறவுச் செடிகள் கிழக்கு மலைகளிலும் உண்டு என்று சொல்லி, நண்பர் ஓடைக்கரையில் ஒன்றைக் காட்டினார். சொரசொரத்த இலை, மொட்டில்லை. எப்போது பூக்கும் என்று பெரியம்மாவைக் கேட்டேன். “அது எப்ப நெனைக்குதோ” என்றார்.

மதியத்துக்கு மேல் மழை வந்துவிட்டது. மேற்கிலிருந்து இரைந்துகொண்டே வந்து எங்களைத் தாண்டிப் போனது. பரணுக்கு அடியில் ஐந்து பேரும் ஒடுங்கி நின்றோம். பையன் தகரத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டான். மழையில் பாதி சாமை படுத்துவிடுமே என்று அவனும் பெரியம்மாவும் பேசிக்கொண்டார்கள். காந்தள் நனைந்து இன்னும் சிவந்தது. எனக்கு அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

திரும்பி இறங்கும்போது நண்பர் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தார். 31 வகைப் பூக்கள். கபிலர் தாளில் கோடு விழுந்தவை நான்கு. பேருந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்து அதைச் சிறுமியிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, “இது எங்க?” என்றாள்.

நிழற்குடையின் சிமெண்டு விரிசலில் ஒரு வெட்டுக்காயப்பூண்டு. மஞ்சள் நடு, சுற்றிலும் வெளுத்த சிறு இதழ்கள், நீண்ட காம்பு. எங்கள் ஊரில் தாத்தாப்பூ. விழுந்து முழங்கால் சிராய்த்தால் இலையைக் கசக்கி இதைத்தான் அப்புவோம்.

“அதுவும் வெளிநாட்டுச் செடிம்மா. அமெரிக்கா” என்றார் நண்பர்.

“பூதானே?” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கபிலரே தன் பட்டியலை முடிக்கும் இடத்தில் மற்றவையும் உண்டு என்று சொல்லித்தானே போகிறார் என்றேன். குறிப்பேட்டைச் சிறுமியிடம் கொடுத்தோம். மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 32 என்று போட்டு எழுதினாள். ‘வெட்டுக்காய’ வரை எழுதியிருந்தாள். அதற்குள் கள்ளக்குறிச்சிப் பேருந்து வளைவில் ஒலி எழுப்பியது.